காலில்லாச் சில்லும் களஞ்சிய நெல்லும்

செங்கலடியிலிருந்து பதுளை செல்லும் வீதியில், மட்டக்களப்பு வாவியைப் பின்னே விட்டு மேற்கு நோக்கிச் செல்வோர்க்குக் கரடியனாறு எதிர்ப்படும். வயலும் குளமும் காடும் ஒன்றையொன்று தொட்டுக்கிடக்கும் அவ்வூரிற் பெரும்போக நெல் அறுவடைக்கு வருங் காலத்திலேயே வடகீழ்ப் பருவத்தின் கடைமழையும் பெய்வதுண்டு. 2011ஆம் ஆண்டு சனவரியிலும் பெப்ரவரியிலும் மட்டக்களப்பு மாவட்டத்து வயல்களை மூழ்கடித்த வெள்ளம் இதற்குக் கொடிய சான்றாகும். அத்தகைய இடர் நேராத ஆண்டிலும், உலர்த்திக் களஞ்சியத்திலிட்ட நெல் உண்மையில் உலர்ந்ததுதானா என்னும் ஐயம் உழவனை விட்டு நீங்குவதில்லை. சில வாரங்களுக்கு மட்டும் வைக்கும் நெல்லின் ஈரம் நூற்றுக்கு 14ஐத் தாண்டலாகாது. எட்டு மாதம் முதல் ஓராண்டு வரை வைப்பதாயின் 13ஐத் தாண்டலாகாது. ஒன்றே ஒன்றுதான் வேறுபாடு. அவ்வொன்றைப் பல்லாற் கடித்து அறிதல் அநுபவம் மிக்கோர்க்கும் எளிதன்று.

நெல்மணிகளின் இடையே தங்கிய காற்றின் சாரீரப்பதனை அளந்து நெல்லின் ஈரத்தை மதிப்பிடுதல் ஒரு நல்ல வழி. வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும்போது, இடைக்காற்றின் சாரீரப்பதன் 75 ஆயின் நெல்லின் ஈரம் ஏறத்தாழ 14. அது 70 ஆயின் ஏறத்தாழ 13. இதனை அளக்கவல்ல சில்லுகள் இன்று கடையிற் கிடைக்கின்றன. சுவிற்சர்லாந்தின் சென்சிரியன் நிறுவனத்து எஸ்.எச்.ரி. 31 என்பது அவற்றுள் ஒன்று. அதன் நீளமும் அகலமும் 2.5 மில்லிமீற்றர், உயரம் 0.9 மில்லிமீற்றர். முதுகிலே ஒரு சிறு துளையுண்டு. அதன்வழி புகும் நீராவியை உள்ளேயுள்ள பல்பகுதியப் படலம் உறிஞ்ச, அதன் மின்கொள்ளளவம் மாறுகின்றது. இச்சில்லுக்குக் கால்கள் இல்லை. அதைத் தாங்கும் பலகையை வரைவோனுக்கு நேரும் இடர்ப்பாடுகள் பெரும்பாலும் இந்த இன்மையிலிருந்தே தொடங்குகின்றன.

1958ஆம் ஆண்டு சாக் கில்பி முதலாவது ஒருங்கிணைந்த சுற்றைச் செய்து காட்டியபின், அத்தகைய சுற்றுக்கள் இருபுறமும் கால்வரிசை கொண்ட உறைகளில் வெளிவந்தன. கால்கள் பலகையின் துளைகளுட் புகுந்து மறுபுறம் தலைகாட்டும். பற்றாசு பிடித்த இடம் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும். பின்னர்க் கால்கள் குறுகிப் பலகையின் மேற்பரப்பிலேயே படிந்தன. 1990களின் பிற்பகுதியிற் பரவத் தொடங்கிய காலற்ற உறைகளிலோ, உறையின் அடிவயிற்றிலே பதிந்த உலோகப் பரப்புகளே கால்களின் தொழிலைச் செய்கின்றன. இணைப்பு முழுவதும் சில்லின் அடியில் மறைந்துவிடும். முன்பு பற்றாசுக்கோலைப் பிடித்தவன் கண்ணாற் கண்டு கையாற் செப்பமிட்ட பிழைகளை, இப்போது படம் வரைவோன் முன்கூட்டியே எண்ணித் தவிர்க்கவேண்டியவனாகின்றான்.

முதலில் நோக்கற்பாலது செப்புத் திட்டுகளின் வடிவம். சில்லின் அடியிலுள்ள ஒவ்வோர் உலோகப் பரப்புக்கும் நேரே பலகையில் ஒரு செப்புத் திட்டு அமைதல் வேண்டும். எஸ்.எச்.ரி. 31இல் அடுத்தடுத்த பரப்புகளின் மையங்களுக்கிடையே 0.5 மில்லிமீற்றரே இடைவெளி; ஆதலால் திட்டின் அகலம் 0.25 மில்லிமீற்றர் அளவிலேயே நிற்கும். நீளத்தில் மட்டும் தாராளம் காட்டலாம். திட்டைச் சில்லின் விளிம்புக்கு வெளியே 0.4 மில்லிமீற்றரேனும் நீட்டிவைத்தால், இணைப்புத் தவறிய இடத்திற் கூர்மையான கோலின் நுனியால் வெப்பமூட்டிப் பற்றாசை உள்ளே செலுத்த இயலும். பெருந்தொழிற்சாலைக்கென எழுதப்பட்ட குறிப்பேடுகள் இந்நீட்சியைக் குறைத்தே கூறும். கையாற் பழுதுபார்க்கும் ஊர்களுக்கு அக்கணக்கு ஒவ்வாது.

பற்றாசுப் பசை என்பது, விட்டம் 20 முதல் 45 மைக்கிரோமீற்றர் வரையுள்ள நுண்ணிய உலோக மணிகளை இளக்கியிற் குழைத்த களிம்பு. சாளரங்கள் வெட்டிய மெல்லிய துளைத்தகட்டைப் பலகைமீது வைத்து இக்களிம்பை வழித்தால், திட்டுகளின்மேல் மட்டும் அது படியும். பின்னர்ச் சில்லை மேலே வைத்துப் பலகையைச் சூடாக்குதல் வேண்டும். வெள்ளீயமும் காரீயமும் கலந்த பழைய பற்றாசு 183 பாகையில் உருகும். வெள்ளீயத்துடன் வெள்ளியும் செம்பும் சிறிது கலந்த புதியது 217 பாகையளவில் உருகத் தொடங்கும். உருகிய கணத்தில் நிகழ்வது வியக்கத்தக்கது. திரவத்தின் பரப்பிழுவிசை தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ள முயல, அதன்மேல் மிதக்கும் சில்லு தானே நகர்ந்து திட்டுகளுக்கு நேராக வந்து அமர்கின்றது. கையால் வைக்கையில் நேர்ந்த சிறு கோணலை உருகிய உலோகமே திருத்திவிடும். ஆனால் நாற்புறத்து இழுவையும் ஒத்திருந்தால்தான் இத்திருத்தம் நிகழும். ஒருபுறத்துத் திட்டு அகன்ற செப்புப் பரப்போடு இணைந்திருந்தால், அப்புறம் வெப்பம் வடிந்து பற்றாசு தாமதித்து உருகும்; முன்னே உருகிய புறம் சில்லைத் தன்பால் இழுத்துச் சாய்த்துவிடும். ஆதலால் எல்லாத் திட்டுகளிலிருந்தும் ஒத்த அகலமுள்ள மெல்லிய தடங்களே புறப்படல் வேண்டும். பலகையின் மேற்பூச்சும் சமதளமாயிருத்தல் அவசியம். வெள்ளீயத்தில் தோய்த்து வெப்பக்காற்றால் ஊதிய பலகையில் திட்டுகள் மேடுபள்ளமாகும். மென்பொன் பூச்சுக்குச் செலவு சற்றுக் கூடினும் அதுவே தக்கது.

இனி, சில்லின் அடிவயிற்று நடுவேயுள்ள பெரும்பரப்பைப் பற்றிய செய்தி. காலற்ற சில்லுகள் பலவற்றில் இந்நடுப்பரப்பே வெப்பம் வெளியேறும் வாயில். அதன்கீழுள்ள திட்டில் நுண்துளைகளை நிரையாக இட்டு, அவற்றின்வழி வெப்பத்தைப் பலகையின் அடுத்த பக்கத்து அகன்ற செப்புத் தளத்துக்குக் கடத்துவர். துளைகள் பெரிதாயின் உருகிய பற்றாசு அவற்றினூடே வடிந்துபோகும். திட்டு முழுவதும் பசை பூசினாலோ, சில்லு மிதந்து உயர்ந்து ஓரத்துத் திட்டுகள் தொடாமற் போகும். இளக்கியின் ஆவியும் வெளியேற வழியின்றிக் குமிழ்களாய்ச் சிறைப்படும். ஆதலாற் சாளரத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, திட்டின் பரப்பில் நூற்றுக்கு 50 முதல் 80 வரையே பசை படியச் செய்வது வழக்கம்.

இவ்விதியை ஈரமளக்கும் சில்லுக்கும் அப்படியே பொருத்துவோர் பெருந்தவறு செய்கின்றனர். செப்புத் தளம் வெப்பத்தை வெளியே கொண்டுபோவது போலவே உள்ளேயும் கொண்டுவரும். பன்னிரண்டு வோல்ற்று மின்கலத்திலிருந்து 3.3 வோல்ற்றைப் பெறும் எளிய சீராக்கி ஒன்று அதே பலகையில் இருக்கின்றது எனக் கொள்க. அதன்வழி 50 மில்லியம்பியர் ஓடினால் 0.4 உவாற்றுக்கு மேல் வெப்பமாகும். அவ்வெப்பம் செப்பின் வழியே வந்து சில்லை ஒரேயொரு பாகை சூடாக்கினாற் போதும். காற்றிலுள்ள நீராவி மாறாதிருக்க, 30 பாகையில் 75 ஆயிருந்த சாரீரப்பதன் 31 பாகையிற் சற்றொப்ப 71 ஆகத் தோன்றும். கருவி பொய் சொல்வதில்லை. தன்னைச் சூழ்ந்த மெல்லிய காற்றின் நிலையை உள்ளபடியே கூறுகின்றது. அக்காற்று நெல்லின் காற்றன்று என்பதே குற்றம். சில வாரங்களுக்கு மேல் தாங்காத நெல்லை, ஓராண்டு தாங்கும் என நம்பி உழவன் பூட்டிவைப்பான். களஞ்சியத்தைத் திறக்கும் நாளிற் பூஞ்சண நாற்றமே எதிர்கொள்ளும்.

எஸ்.எச்.ரி. 31இன் நடுப்பரப்பு உள்ளே நிலமுனையோடு இணைந்தது. மின்தொழிலுக்காக அதை வேறெதனோடும் தொடுக்க வேண்டியதில்லை. சில்லு உறுதியாய்ப் பிடிபடுதற்காக மட்டும் அதைப் பற்றாசிடுதல் நன்று. ஆகவே அதன்கீழ்த் தடமும் துளையுமற்ற தனித் தீவாக ஒரு திட்டை விட்டுவிடலாம். ஒரே பலகையிற் சீராக்கியும் சில்லும் இருக்கவேண்டுமாயின், சில்லைச் சுற்றி மூன்று பக்கமும் பலகையை அறுத்து, ஒருபக்கம் மட்டும் தொடுத்து நிற்கும் குடாநாடு போல அமைப்பர். எனினும் இரு பலகைகளாகப் பிரித்தலே சிறந்தது. சில்லும், அதனருகே 100 நனோபரட் கொள்ளளவி ஒன்றும், நான்கு கம்பிகளுக்கான இணைப்பும் மட்டும் கொண்ட விரல்நுனியளவு பலகை நெல்லினுள்ளே புதைந்திருக்க, மற்றவை யாவும் வெளியே நிற்கும். கம்பியின் நீளம் சில மீற்றருக்குள் அடங்கவேண்டும் என்பது ஒன்றே இதன் குறை.

இப்பிரிவால் இன்னுமொரு பயன் உண்டு. மறைந்த இணைப்புகளைத் தொழிற்சாலைகள் எக்சு கதிரால் ஆராயும். அக்கருவியை எல்லா ஊரிலும் எதிர்பார்த்தல் தகாது. ஆனால் சில்லின் செய்திமுனை ஒவ்வொன்றுக்கும் நிலமுனைக்குமிடையே அதனுள்ளே காவலிருவாயி ஒன்றிருப்பது வழக்கம். பல்மானியை இருவாயி நிலையில் வைத்துச் செந்நிற முனையை நிலத்திலும் கருநிற முனையைச் செய்திக் கம்பியிலும் தொட்டால், அரை வோல்ற்றுக்குச் சற்று மேற்பட்ட அளவு தோன்றும். தோன்றினால் அம்முனை பற்றியிருக்கின்றது, தோன்றாவிடின் இல்லை. எல்லா முனைகளும் ஒருங்கே ஊமையாயின் நிலத்திட்டையே முதலில் ஐயுறவேண்டும்.

பற்றாசிட்ட பலகையைக் கழுவுதல் பொதுவில் நல்வழக்கம். ஈண்டு அது தீது. கழுவுநீர்மம் துளைவழி புகுந்து படலத்தைக் கெடுக்கும். ஆதலாற் கழுவாது விடத்தக்க இளக்கி கலந்த பசையையே கொள்ளவேண்டும். வாவிக்காற்றின் உப்பிலிருந்து காக்கும் மேற்பூச்சும் அத்துளையை மூடலாகாது.

பற்றாசின் வெப்பத்தில் வறண்ட படலம் தன் இயல்புக்கு மீளவும் ஈரம் வேண்டும். அதற்குச் சமையற்கட்டு உப்பே போதும். உப்பை நீரிற் கரையாத எச்சம் நிற்கும்வரை கூழாகக் கலந்து, மூடிய போத்தலின் அடியிலிட்டால், அதன்மேலுள்ள காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75இல் நிலைபெறும். நெல்லுக்கு வேண்டிய எல்லையும் அதுவே. பலகையை உப்பு தொடாதபடி அப்போத்தலிற் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தொங்கவிட்டபின் அளவெடுக்கலாம். சில்லுக்கு இயல்பான பிழை கூட்டியோ குறைத்தோ 2 ஆகும். ஓய்விலிருந்து எழுந்தவுடன் 75 காட்டிய கருவி, இடைவிடாது அளக்கத் தொடங்கியபின் மெல்லத் தாழ்ந்து 71இல் வந்து நிற்குமாயின், பழுது சில்லினுடையதன்று. எங்கோ ஒரு தடம் வெப்பத்தைக் கொண்டுவருகின்றது. வரைபடத்தை மீண்டும் விரித்தல் வேண்டும்.