சுவர் ஏன் நிற்கிறது?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 17 கொண்டையூசி வளைவுகள் உண்டு. உடன் வருவோர் பள்ளத்தாக்கின் எழிலில் தோய்ந்திருப்பர். என் கண்ணோ சாலையைத் தாங்கும் கற்சுவர்களின் மீதே செல்லும். மண் ஓயாது தள்ளுகிறது, சுவர் அசைவதில்லை. எதனால்?

மண் பக்கவாட்டில் தள்ள, சுவரின் எடை கீழ்நோக்கி அழுத்துகிறது. இரண்டும் சேர்ந்து சாய்வான ஒரே விசையாகின்றன. அதன் கோடு சுவரின் அடிப்பரப்புக்குள் விழுமாயின் சுவர் கவிழாது. பொறியாளர் அவ்வளவில் நிறைவடைவதில்லை. அடிப்பரப்பை மூன்று கூறாக்கினால், நடுக்கூற்றுக்குள்ளேயே அக்கோடு விழவேண்டும் என்பர். அதைத் தாண்டினால் மண்பக்கத்து அடியில் கற்கள் பிரியப் பார்க்கும். கல்லும் சுண்ணாம்பும் அமுக்கத்தைத் தாங்குமேயன்றி இழுப்பைத் தாங்கமாட்டா.

மழை பெய்தால் இக்கணக்கு மாறுகிறது. ஊறிய மண் கனக்கிறது. தேங்கிய நீரும் தன் பங்குக்குத் தள்ளுகிறது. சுவரில் ஆங்காங்கே சிறு துளைகள் விட்டிருப்பது அந்நீரை வடிக்கவே. துளையில் நீர் ஒழுகினால் சுவர் பழுது என்று எண்ணுவோர் உளர். மழைக்குப் பின்னும் வடியாத துளையைக் கண்டால்தான் நான் அஞ்சுவேன்.

நீரை வடியவிடாமல் தேக்குவதற்கென்றே எழுந்த சுவரும் உண்டு. இதே ஏலமலையின் தெற்கே பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை, 176 அடி உயரமுடையது; வெளியே கற்கட்டு, உள்ளே சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கான்கிரீட். தன் எடையாலேயே நீரை எதிர்த்து நிற்பது. 1895 அக்டோபரில் அது திறக்கப்பெற்றது. அவ்வாண்டு ஏப்ரலில்தான் பிரான்சில் பூசே அணை உடைந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கட்டடத்துள் புகுந்த நீர் மேல்நோக்கி உந்தி, கல்லின் எடையையே குறைத்துவிடும் என்பதை அவ்விபத்துதான் பொறியாளர் உலகுக்கு உறைக்கச் செய்தது. பெரியாற்றணையின் கணக்கோ அதற்கு முன்பே போடப்பட்டது.

1979க்குப் பின் அணையை வலுப்படுத்தினர். முடியில் 12,000 டன் கான்கிரீட் ஏற்றி எடையைக் கூட்டினர். அணையைத் துளைத்து அடிப்பாறை வரை எஃகு வடங்களை இறக்கி முறுக்கேற்றினர். எடையைக் கூட்டாமலே எடையின் வேலையைச் செய்பவை இவை. பின்புறத்தில் கான்கிரீட் முட்டுச்சுவர் எழுப்பி அடியையும் அகலமாக்கினர்.

கம்பம் பள்ளத்தாக்கின் வயல்கள் இந்நீரை நம்பியிருக்கின்றன. அணைக்குக் கீழே வாழும் கேரள மக்களுக்கோ உயிரச்சம். 2014இல் உச்சநீதிமன்றம் நீர்மட்டத்தை 136 அடியிலிருந்து 142 அடிக்கு உயர்த்த இசைந்தது. ஆறடிக்கா இத்தனை வழக்கு என்று கேட்கலாம். நீரின் ஆழம் இருமடங்கானால் தள்ளும் விசை 4 மடங்காகும். கவிழ்க்கும் திறனோ 8 மடங்காகும். உச்சியில் ஏறும் ஓரடி நீர், அடியில் ஏறும் ஓரடி நீருக்கு ஒப்பாகாது.