மரத்தூளைப் பிடிக்கும் டிரம்: எது தாங்கும், எதைத் தொடவே கூடாது?

தோட்டத்தில் 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த ரப்பர் மரத்தை வெட்டியதும் அதன் கதை முடிந்துவிடுவதில்லை. மேசையாக, நாற்காலியாக, கட்டிலாக அது கப்பலேறுகிறது. ஜொகூரில் மூவார் வட்டாரம் இந்தத் தொழிலுக்குப் பேர் போனது. ஜொகூர் பாருவைச் சுற்றிலும் சிறு தச்சுப் பட்டறைகள் உண்டு. தோட்டத்தை விட்டுப் போன நம் பிள்ளைகளும் அங்கே ரம்பத்தின் முன் நிற்கிறார்கள். அவர்களுக்காகவும் அவர்கள் குடும்பத்தாருக்காகவும் இதை எழுதுகிறோம்.

"மரத்தூள்தானே, தும்மினால் போயிடும்" என்று இருந்துவிடாதீர்கள். பெரிய தூள் மூக்கோடு நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத நைந்த தூள் நுரையீரலுக்குள் இறங்கும். கண் எரிச்சல், தீராத சளி, இழுப்பு எல்லாம் இதனால் வரலாம். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-ல் அறிவித்தது. மூக்கிலும் அதை ஒட்டிய எலும்பறைகளிலும் வரும் புற்றுநோய் அது.

தூளைப் பறக்கும் முன்பே பிடிக்க வேண்டும். அதற்குத்தான் 'சைக்ளோன்' என்னும் கூம்பு இருக்கிறது. உறிஞ்சும் மோட்டார் இழுக்கும் காற்று கூம்புக்குள் பக்கவாட்டில் நுழைந்து சுழல்கிறது. கனமான தூள் சுவரில் மோதிக் கீழே டிரம்மில் விழுகிறது. காற்று நடுக்குழாய் வழியாக மேலே போகிறது. கூம்பைக் கடையில் வாங்கலாம். டிரம்மை நாம்தான் பார்த்து எடுக்க வேண்டும். கோட்டை விடுவதும் அங்கேதான்.

குழாயில் ஒரு மரச்சில்லு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? மோட்டார் டிரம்மில் உள்ள காற்றை உறிஞ்சிவிடும். வெளிக்காற்று டிரம்மை நசுக்கும். காற்றின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ. உள்ளே அதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே போதும், 40 சென்டிமீட்டர் அகல மூடியின் மேல் ஏறக்குறைய 250 கிலோ பாரம் விழுந்த மாதிரி! ஐந்து மூட்டை அரிசியை மண்ணெண்ணெய் டின் மேல் அடுக்கினால் தாங்குமா? மெல்லிய தகர டின்னும், பெயிண்ட் வாளியும், குப்பைத் தொட்டியும் அதனால்தான் உள்ளே மடங்குகின்றன.

ஆகவே டிரம் எடுக்கும்போது இவற்றைப் பாருங்கள்:

1. வட்டமாக இருக்கட்டும். சதுர டின்னின் தட்டையான பக்கம் முதலில் குழியும்.

2. சுவர் தடித்திருக்க வேண்டும். இரும்பு டிரம்மோ, கெட்டியான நீலப் பிளாஸ்டிக் டிரம்மோ நல்லது. சுற்றிலும் வளையம் போன்ற மேடுகள் இருந்தால் இன்னும் பலம்.

3. ரப்பர் வாரும் இறுக்கும் இரும்பு வளையமும் உள்ள மூடி வேண்டும். மூடி மெல்லியதென்றால் அடியில் தடித்த பலகை வைத்து முடுக்குங்கள்.

4. காற்றுக் கசியக் கூடாது. மோட்டார் ஓடும்போது மூடி ஓரத்தில் மெல்லிய காகிதத்தைப் பிடியுங்கள். காகிதம் உள்ளே இழுபட்டால் அங்கே ஓட்டை. கீழே ஓட்டை இருந்தால் விழுந்த தூள் மறுபடி மேலே கிளம்பி வடிகட்டியை அடைக்கும்.

5. தூக்க முடிந்த அளவு எடுங்கள். 200 லிட்டர் டிரம் நிறையத் தூள் என்றால் ஏறக்குறைய 40 கிலோ. தனி ஆளுக்கு 60 லிட்டர் போதும்.

இதைவிட முக்கியமான ஒன்று: மருந்து டிரம் வேண்டாம்! களைக்கொல்லி, பூச்சிமருந்து வைத்திருந்த டிரம் தோட்டத்தில் சும்மா கிடைக்குதே என்று எடுக்காதீர்கள். கழுவினாலும் விஷம் பிளாஸ்டிக்கில் ஊறி நிற்கும். பெட்ரோல், தின்னர் இருந்த இரும்பு டிரம்மை வெட்டவோ வெல்டிங் செய்யவோ கூடாது. உள்ளே தங்கிய ஆவி வெடித்து ஆளைக் கொல்லும். உணவுப் பொருள் வந்த டிரம்மைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் கொட்டிவிடுங்கள். கொட்டும்போது முகமூடி அவசியம். துணியைக் கட்டிக்கொள்வது போதாது. இரும்பு தேய்க்கும் எந்திரத்தின் குழாயை இதே டிரம்மில் மாட்டாதீர்கள். ஒரு தீப்பொறி போதும். ரப்பர் மரத்துக்குப் பூச்சி அரிக்காமல் போரான் மருந்து ஏற்றுவதால் அந்தத் தூளை வீட்டு அடுப்பில் போட வேண்டாம். உடம்பில் ஒட்டிய தூளைக் காற்றுக் குழாயால் ஊதவும் கூடாது.

"இதெல்லாம் முதலாளி அல்லவா செய்யணும்?" என்பீர்கள். ஆமாம். 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி அது முதலாளியின் கடமை. சட்டப்படி தரவேண்டிய முகமூடிக்குச் சம்பளத்தில் காசு பிடிக்கவும் கூடாது. தயங்காமல் கேளுங்கள்.

வேலை நாளில் மூச்சு இழுத்து, லீவு நாளில் சரியாகிறதா? ஒரு பக்க மூக்கு அடைத்தே இருக்கிறதா, ரத்தம் கசிகிறதா? கிளினிக்குக்குப் போங்கள். மரத்தூளில் வேலை செய்வதை முதல் வார்த்தையாக டாக்டரிடம் சொல்லுங்கள்.