ஈரக் காற்றிலும் தாகம் எடுக்கும் சவ்வு

மழைநாளில் மூங்கில் கழியில் போட்ட துணி மாலையானாலும் உலராது. ஆனால் அதே வீட்டுக் காற்றை இழுத்துச் சூடாக்கும் ஹேர் டிரையர், ஈரத் தலையைச் சில நிமிடங்களில் உலர்த்திவிடுகிறது. சூடேறினால் காற்றுக்குத் தாகம் கூடும். ஹைட்ரஜன் கார்களுக்குப் பெரிய தலைவலி இந்தத் தாகம்தான்.

இக்கார்களுக்கு மின்சாரம் தருவது எரிபொருள் மின்கலம். அது ஹைட்ரஜனை எரிப்பதில்லை. ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று, நடுவே மெல்லிய சவ்வு. பிளாட்டினத்தின் உதவியால் ஹைட்ரஜன் அணு, புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிகிறது. சவ்வு எலக்ட்ரானை விடாது. அது கம்பி வழியே சுற்றிச் செல்கிறது. நமக்குக் கிடைக்கும் மின்சாரம் அதுவே. புரோட்டான் சவ்வைக் கடந்து, ஆக்சிஜனுடன் சேர்ந்து நீராகிறது.

பரவலாகப் பயன்படும் நாஃபியான் சவ்வில், நீர் இருந்தால்தான் புரோட்டான் எளிதாக நகரும். ஈரம் வற்றினால் மின்சாரம் குறையும். வற்றுவதும் ஊறுவதுமாக இருந்தால் நாளடைவில் சவ்வு விரிசல் விடும்.

“சிங்கப்பூரில் ஈரப்பதத்துக்குப் பஞ்சமா?” என்று நீங்கள் கேட்கலாம். 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள தேக்கா காற்றை, மின்கலத்துக்குள் இருக்கும் 80 டிகிரி வரை சூடாக்கினால், அழுத்தம் மாறாதபோது ஈரப்பதம் ஏறத்தாழ 7 விழுக்காடாக இறங்கிவிடும். பாலைவனக் காற்றே தோற்றுப்போகும்!

காற்றை ஈரமாக்க ஒரு கருவியைப் பொருத்தலாம். ஆனால் எடையும் விலையும் கூடும். சவ்வை மெல்லியதாக்குவது மற்றொரு வழி. அப்போது காற்றுப் பக்கம் உண்டாகும் நீர், ஹைட்ரஜன் பக்கமும் ஊறி நனைக்கும். 2014ல் வந்த டொயோட்டா மிராய் காரில் ஈரமாக்கும் கருவியே இல்லை.

நீரைப் பிடித்துவைக்கும் பொருளைச் சவ்வில் கலப்பது மூன்றாவது வழி. இதில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் தந்து உருவான காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் ஆய்வாளர்கள், நாஃபியானில் சிலிக்கா கலந்த சவ்வைப் பற்றி 2007ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். புதுக் காலணிப் பெட்டியில் சிறு பொட்டலம் இருக்குமே, அதிலிருப்பதும் சிலிக்காதான். அங்கே காலணி கெடாதிருக்க ஈரத்தை உறிஞ்சுகிறது. இங்கே சவ்வு வாடாதிருக்க ஈரத்தைச் சேமிக்கிறது. அளவு மிஞ்சினாலோ சவ்வு முறியும், புரோட்டானின் பாதையும் அடைபடும்.

2004ல் சிங்கப்பூர்ச் சாலைகளில் டைம்லர்கிரைஸ்லரின் ஹைட்ரஜன் கார்கள் சோதனைக்கு ஓடின. சோதனை முடிந்தது, அவை நிலைக்கவில்லை. இனி வருபவை நிலைக்க வேண்டுமானால் விலை குறைய வேண்டும், ஆயுள் கூட வேண்டும். இரண்டுக்கும் உதவக்கூடியது, வறட்சியைத் தாங்கும் ஒரு மெல்லிய சவ்வு.