கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு கான்டாட்டா

ஆகஸ்ட் கடைசிச் செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்குப் போனபோது ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பழைய ஸ்கோர் புத்தகம் கிடந்தது. பக்கத்து ஊர்ப் பாடகர் குழுவிடம் இரவல் வாங்கியவை. ஜெர்மனியில் பதிப்புரிமை உள்ள ஸ்கோரை ஜெராக்ஸ் எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதால் இப்படி ஊர் ஊராகப் புத்தகங்கள் போய்வரும். எனக்குக் கிடைத்த பிரதியின் முதல் பக்கத்தில் யாரோ பென்சிலால் ஒரு மூக்குக்கண்ணாடி வரைந்திருந்தார். இங்குள்ள பாடகர்களிடம் அதற்கு ஒரே அர்த்தம்: இங்கே தாளைப் பார்க்காதே, எதிரே கை அசைக்கிறவரைப் பார்.

எங்கள் குழுவில் 38 பேர். பல் டாக்டர், தபால்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், இரண்டு நர்ஸுகள், பேஸ் வரிசையில் ஒரே தமிழனாக நான். மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரல் வரிசைகள். சம்பளம் வாங்குகிறவர் ஒருவர்தான், தேவாலயத்தின் இசைப் பொறுப்பாளர். ஆணென்றால் கான்டர், பெண்ணென்றால் கான்டோரின். இசையமைப்பாளர் பாக் 1723 முதல் சாகும்வரை லைப்சிக்கில் பார்த்த வேலையும் கான்டர் வேலைதான். ஆராதனைக்கென்று குழுவும் தனிக்குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்து இசைக்க அவர் எழுதிய கான்டாட்டாக்களில் ஏறக்குறைய 200 நமக்கு மிஞ்சியிருக்கின்றன. எங்கள் கான்டோரின் தேர்ந்தெடுத்தது பாக் படைப்புகளின் பட்டியலில் பி.டபிள்யூ.வி. 140, 'வாஹெட் அவுஃப்'. விழித்தெழுங்கள் என்று பொருள்.

தேர்வில்தான் பாதி வெற்றி. இந்தக் கான்டாட்டாவில் ஏழு பகுதிகள். குழு முழுதாகப் பாடுவது முதலாவதும் ஏழாவதும் மட்டுமே. நாலாவதை டெனர்கள் பாடலாம், மீதியெல்லாம் தனிப்பாடகர்கள் பாடு. அரை மணி நேர இசையில் நாங்கள் மனப்பாடமாக்க வேண்டியது மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால் அரை மணிக்கு டிக்கெட் போட்டு விற்க முடியாதே, கூட ஒன்று வேண்டும். பாக் 1714-இல் வைமாரில் எழுதிய 61-ஆம் எண் கான்டாட்டாவை கான்டோரின் சேர்த்தார். இரண்டுக்கும் சோப்ரானோ, டெனர், பேஸ் என்று மூன்றே தனிக்குரல்கள் போதும், ஆல்டோவுக்குத் தனிப்பாட்டு இல்லை. செலவில் ஒரு ஆள் குறைந்தது. இதெல்லாம் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுதமாட்டார்கள்.

வாத்தியக்காரர்கள்தான் பெரிய செலவு. வயலின் வகைகள், இரண்டு ஓபோ, அதைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் 'டாய்' என்ற இன்னொரு ஓபோ, பஸூன், சிறு ஆர்கன், ஒரு ஹார்ன். ஹார்ன் சோப்ரானோ பாடும் மெட்டைக் கூடவே ஊதுவதோடு சரி. அதை விட்டால் ஒரு சம்பளம் மிச்சம் என்று விட்டுவிட்டோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. கமிட்டியில் தோற்றுப்போனேன்.

முதல் ஒத்திகையில் எல்லோரும் முதல் பக்கத்தைத் திறந்தோம். "மூடுங்கள். கடைசிப் பக்கம்" என்றார் கான்டோரின்.

கடைசிப் பகுதி ஒரு நாலு குரல் ஞானப்பாட்டு. தமிழ் லூத்தரன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லைச் சொன்னால் போதும். 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது பாக்குக்கு வயது 21. அந்த வழியாகத்தான் ஜெர்மன் சபைப் பாட்டுகள் தமிழுக்கு வரத் தொடங்கின. பிற்பாடு ஃபப்ரிசியுஸ் என்ற மிஷனரி நிறைய மொழிபெயர்த்தார். ஓரடிக்கு ஒரு நிறுத்தம், சபை மொத்தமும் சேர்ந்து பாடும் அகலமான நடை என்று நாம் அறிந்த அதே வார்ப்புதான். 'வாஹெட் அவுஃப்' பாட்டின் சொல்லும் மெட்டும் பிலிப் நிக்கொலாய் என்ற போதகருடையவை. உன்னா என்ற ஊரில் கொள்ளைநோய் வீட்டுக்கு வீடு பிணம் எடுத்த காலத்தில் எழுதி 1599-இல் அச்சிட்டார். பத்துக் கன்னிகைகளின் உவமைதான் கரு: மணவாளன் நடுராத்திரியில் வருகிறான், விளக்கில் எண்ணெய் இருக்கிறதா?

மூன்றே சரணங்கள். பாக் முதல் சரணத்தை முதல் பகுதியிலும், இரண்டாவதை நாலாவதிலும், மூன்றாவதை ஏழாவதிலும் வைத்தார். ஆக, ஒரு மெட்டு நாக்கில் ஏறிவிட்டால் மூன்று பகுதிகளின் எலும்புக்கூடும் கைக்கு வந்துவிடும். கடைசியிலிருந்து தொடங்குவதன் சூட்சுமம் இதுதான். முதல் பகுதியில் நேராக இறங்கும் குழுக்களுக்கு மூன்று வாரம் கழித்தும் தாங்கள் எதைச் சுற்றி ஓடுகிறோம் என்பது தெரியாது.

மெட்டு ச-க-ப என்று ஏறித் தொடங்குகிறது. ஈ-ஃப்ளாட், நம் கணக்கில் 2½ கட்டை. சோப்ரானோக்கள் மேல் ஸ்தாயி காந்தாரம் வரை போக வேண்டும். முதல் வாரம் ஸ்வரத்துக்கு முன் சொல். மெட்டில்லாமல், தாளத்தில், கிசுகிசுப்பாக வாசிக்கச் சொன்னார். 'வாஹெட்' என்று எழுதுகிறேனே, அந்த நடு எழுத்து உண்மையில் ஹெ அல்ல. 'எஃகு' என்பதை ஒழுங்காகச் சொன்னால் ஃ தொண்டையில் உரசுமே, அதற்குப் பக்கத்தில் வரும். இந்த ஒரு விஷயத்தில் நான் பிறந்த மொழி கைகொடுத்தது. கடைசி 'ட்' மட்டும் என்னைப் படாதபாடு படுத்தியது. அதை எப்போது போடுவது? 38 பேர் 38 நொடித்துளியில் போட்டால் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல் இருக்கும். எந்த அடியில் என்று பென்சிலால் குறித்துக்கொண்டோம். அந்த அடியில் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டு மீதிப் பேரை 'ட்' போடவிட்டால் இன்னும் சுத்தம்.

நாலாவது பகுதி சுலபம்போலத் தோன்றும். வயலின்களும் வியோலாக்களும் ஒரே மெட்டை ஒன்றாக வாசிக்கின்றன, மிக அழகான மெட்டு. பின்னாளில் பாக்கே அதை ஆர்கனுக்கு மாற்றி ஷ்யூப்ளர் தொகுப்பில் முதலாவதாக வைத்தார். ஞானப்பாட்டு அதற்குள் வேறொரு வேலையாகப் போவதுபோல் வந்துபோகும். டெனர்கள் வயலினைக் கேட்டு மயங்கினால் தொலைந்தார்கள். எந்த ஊர்க் குழுவிலும் டெனர் பஞ்சம்தான். எங்களிடம் ஐந்து பேர், அதில் இருவர் பெண்கள். ஐவரும் எழுந்து நின்று பாட, மீதி 33 பேர் மூச்சடக்கி உட்கார்ந்திருப்போம்.

செப்டம்பர் நடுவில்தான் முதல் பகுதி. வேலை முழுக்க இங்கேதான். சோப்ரானோ ஞானப்பாட்டை நீட்டி நீட்டிப் பாடும், ஒரு ஸ்வரம் ஒரு பார், அதாவது ஒரு தாளச் சுற்று, முழுக்க நிற்கும். கீழே நாங்கள் மூன்று குரல்களும் அந்தச் சொற்களையே துரத்திக்கொண்டு ஓடுவோம். சோப்ரானோக்கள் இதை அலுப்பு என்பார்கள். அவர்களுடைய வேலைதான் கஷ்டம் என்பது என் கட்சி. மூச்சு தீரும்போது பக்கத்து ஆளோடு முறைவைத்து, ஸ்வரத்தின் நடுவில், வெளியே தெரியாமல் மூச்செடுக்க வேண்டும். பார் முடிகிற இடத்தில் எடுத்தால் எல்லோரும் சேர்ந்து எடுப்பார்கள், மெட்டில் பள்ளம் விழும்.

கீழ்க் குரல்களுக்குப் பாடம் பின்னாலிருந்து முன்னால். கடைசி எட்டு பார், பிறகு அதற்கு முந்தைய எட்டு. இப்படிப் படித்தால் பாடப்பாடத் தெரிந்த இடத்தை நோக்கிப் போகிறோம், பயம் குறைகிறது. நடுவில் ஒரு அல்லேலூயா வரும். ஆல்டோ தொடங்க, டெனர் தொற்ற, பிறகு பேஸ், ஒவ்வொன்றும் நீண்ட ஓட்டம். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது பிருகாபோலத் தோன்றும். நானும் அப்படித்தான் வழுக்கிக்கொண்டு பாடினேன். "அழகாக இருக்கிறது, ஆனால் எந்த ஸ்வரமும் இல்லை" என்றார் கான்டோரின். எனக்கு அடுத்தவர் நேர்மாறு. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு 'ஹ' போட்டு, சிரிப்பதுபோல் பாடினார். மருந்து ஒன்றே: பாதி வேகத்தில் 'து-து-து' என்று தனித்தனியாகக் குத்திப் பாடுவது, அதே இடங்களில் நாக்கை எடுத்துவிட்டு 'ஆ', பிறகு வேகம். மூன்று வாரம் பிடித்தது.

ஆள் எண்ணிக்கையும் இடிக்கும். 1730-இல் நகர சபைக்கு எழுதிய மனுவில் பாக் கேட்டது 12 பாடகர், முடிந்தால் 16. கான்டாட்டாக்களைக் குரலுக்கு ஒருவர்தான் பாடினார்கள் என்று இசை ஆய்வாளர் ஜோஷுவா ரிஃப்கின் 1981-இல் சொன்னதிலிருந்து அறிஞர்களுக்குள் சண்டை ஓயவில்லை. ஊர்க் குழு என்ன செய்யும், 22 பேரை வீட்டுக்கு அனுப்புமா? அல்லேலூயாவில் மட்டும் குரலுக்கு நாலு பேர் என்று வைத்துக்கொண்டோம். ஓபோவின் குரல் அப்போதுதான் வெளியே வந்தது.

தனிப்பாடகர்களும் வாத்தியக்காரர்களும் கச்சேரிக்கு முந்தைய சனிக்கிழமைதான் வருவார்கள். அவர்களோடு இரண்டே ஒத்திகை. பழைய பாணி வாத்தியங்கள் என்பதால் சுருதி 440 ஹெர்ட்ஸ் அல்ல, 415. அரைக் கட்டை இறங்கி 2 கட்டைக்கு வந்துவிடும். சோப்ரானோக்களுக்குக் கொண்டாட்டம். ஸ்வர நினைவு உள்ள கணக்கு வாத்தியார் மட்டும் கண்ணில் ஒன்று, காதில் வேறொன்று என்று அன்று முழுக்க முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் அதிர்ச்சி. பன்னிரண்டு வாரம் பியானோவில் பழகிய காதுக்கு முன்னால் வயலின்கள் குதித்துக் குதித்து வாசிக்கின்றன, சத்தம் கல் சுவரில் பட்டுத் தாமதமாகத் திரும்பி வருகிறது. காதை நம்பினால் பின்தங்குவோம், கையை மட்டும்தான் நம்பலாம். தொடக்கத்தில் 16 பார் வாத்தியம் மட்டும். 17-இல் சோப்ரானோ, இன்னும் சற்றுத் தள்ளி நாங்கள். நான் பாட்டி சொல்லித்தந்தபடி எண்ணினேன்: நாலு விரல், விரலுக்கு மூன்று கணு, ஒரு நுனி, ஆக 16. கணக்கு சரியாகத்தான் இருந்தது. சோப்ரானோ தொடங்கிய மகிழ்ச்சியில் எங்களுடைய சில பார்களை எண்ண மறந்து, தன்னந்தனியாக வாயைத் திறந்தேன். நல்லவேளை, ஒத்திகை. கான்டோரின் கையை நிறுத்தவில்லை, புருவத்தை மட்டும் தூக்கினார்.

கச்சேரி நவம்பர் கடைசி ஞாயிறு மாலை. இந்தக் கான்டாட்டா முதலில் ஒலித்தது 1731 நவம்பர் 25. திரித்துவத் திருநாளுக்குப் பின் 27-ஆம் ஞாயிறுக்கென்று எழுதியது. ஈஸ்டர் மிகச் சீக்கிரம் வரும் ஆண்டுகளில்தான் அப்படியொரு ஞாயிறு உண்டு. பாக் லைப்சிக்கில் இருந்த 27 ஆண்டுகளில் இரண்டே முறை வந்தது. ஆராதனையில் பாட வேண்டுமானால் காத்துக் கிடக்க வேண்டும், கச்சேரிக்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை.

ஐந்து மணிக்குக் குரல் சூடேற்றல். கறுப்பு உடை, கறுப்பு ஃபைல், சட்டைப்பையில் பென்சில். ஹீட்டர் போட்டும் கால் சில்லிட்டது. ஜனம் வந்து நிறைந்து காற்று சூடானதும் ஆர்கன் குழாய்களின் சுருதி மெல்ல ஏறும், வயலின் நரம்புகள் எதிர்ப்பக்கம் போகும். அதனால் எல்லோரும் உட்கார்ந்த பிறகு இன்னொருமுறை சுருதி சேர்த்தார்கள். இந்த முறை கணுக்களை இரண்டாவது சுற்றும் எண்ணினேன். சரியாக நுழைந்தேன்.

கடைசி ஞானப்பாட்டு முடிந்து, கைதட்டல் ஓய்ந்ததும், கான்டோரின் சபையை நோக்கித் திரும்பினார். மெட்டை நிகழ்ச்சித் தாளின் பின்பக்கம் அச்சிட்டிருந்தார்கள். மறுபடியும் அதே பாட்டு, இப்போது எல்லோரும். எனக்கு நேர் எதிரே இருந்த ஒரு கிழவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பாடினார். ஹார்ன் இல்லாதது அப்போது யாருக்கும் தெரிந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த செவ்வாய் ரப்பர்களோடு வந்தோம். இரவல் ஸ்கோர்களைச் சுத்தமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூச்சுக் குறிகள், 'ட்' போடும் அடிகள், ஓரத்தில் நான் தமிழில் எழுதி வைத்த உச்சரிப்புகள் எல்லாவற்றையும் அழித்தேன். முதல் பக்கத்து மூக்குக்கண்ணாடி என்னுடையதல்ல. அதை அப்படியே விட்டுவிட்டேன்.