போன் உறங்கும் இடம்தான் வீடா?

2020 டிசம்பர் நடுப்பகுதியில் மருதனார்மடம் என்ற பெயர் நாள் தவறாமல் செய்தியில் அடிபட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் போகும்போது இணுவிலைத் தாண்டியதும் வருகிற சந்தி அது. வெளியூராருக்கு இராமநாதன் கல்லூரியாலும் இராமநாதன் நுண்கலைக் கழகத்தாலும் தெரிந்த இடம். சுற்றுவட்டாரச் சனத்துக்கு அது முதலில் மரக்கறிச் சந்தை. அந்தச் சந்தையில் கொவிட் தொற்று தெரியவந்ததும் சந்தையை மூடினார்கள். உடுவில் பிரதேச செயலகப் பிரிவை முடக்கினார்கள். "மருதனார்மடம் கொத்தணி" என்று ஒரு பெயரும் பிறந்துவிட்டது.

சுகாதாரப் பகுதியினருக்கு அப்போது இருந்த பெரிய கேள்வி ஒன்றுதான்: சந்தைக்கு வந்து போன சனம் எங்கெங்கே போனது? ஆளாளாகக் கேட்டு, வீடு வீடாகத் தேடித்தான் அதற்கு விடை கண்டார்கள். ஆனால் அந்த விடையில் ஒரு பங்கு ஏற்கெனவே எங்கோ எழுதப்பட்டுத்தான் இருந்தது. தொலைபேசிக் கம்பனிகளின் கணினிகளில்.

அந்தப் பங்கை யார் எடுத்துப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது, பார்த்துவிட்டு நம்மைப் பற்றி என்ன சொல்வது? தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அமைப்புகளும் பல்கலைக்கழகங்களும் தரவுப் பகுப்பாய்வுக்காகக் கைகோர்க்கும் முயற்சிகள் உலகெங்கும் நடக்கின்றன. வடக்கு முஸ்லிம்களுக்கு இதில் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. அதற்கு வருமுன் விஷயத்தை அடியிலிருந்து பார்ப்போம்.

ஒரு அழைப்பு விட்டுச் செல்லும் தடம்

நாம் ஓர் அழைப்பு எடுத்தால், அல்லது நமக்கு ஒன்று வந்தால், கம்பனியின் பதிவில் ஒரு வரி விழுகிறது. எந்த இலக்கம், எந்த இலக்கத்தோடு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்தக் கோபுரத்தின் ஊடாக: இவ்வளவுதான். என்ன கதைத்தோம் என்பது அதில் இல்லை. கட்டணம் அறவிடுவதற்காக வைக்கப்படும் பதிவு இது.

ஒரு வரியால் பெரிய பயன் இல்லை. ஒரு மாதத்து வரிகளை அடுக்கினால் ஒரு மனிதரின் நடமாட்டம் தெரியும். பல இலட்சம் பேருடையதை அடுக்கினால் ஒரு நாட்டின் நடமாட்டமே தெரியும். ஆய்வாளர்கள் கைக்கு வரும்போது இலக்கத்தை நீக்கி, அதன் இடத்தில் ஒரு குறியீட்டைப் போட்டுக் கொடுப்பார்கள்.

2010 ஜனவரியில் ஹெய்ட்டி நாட்டில் நிலநடுக்கம் வந்தபோது இதன் பயன் உலகுக்குத் தெரிந்தது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தையும் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், அங்குள்ள டிஜிசெல் கம்பனியின் 19 இலட்சம் சிம்களின் நகர்வைப் பார்த்தார்கள். நிலநடுக்க நாளன்று தலைநகரில் இருந்தவர்களில் ஏறத்தாழ 6,30,000 பேர் 19 நாட்களுக்குள் வெளியேறிவிட்டதாகக் கணக்கிட்டார்கள். கூடாரமும் தண்ணீரும் எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரியாமல் நிற்கும் நேரத்தில் இப்படி ஒரு கணக்கின் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை.

ஒழுங்குபடுத்துநரும் பல்கலைக்கழகமும்

பதிவுகள் கம்பனிகளிடம் இருக்கின்றன. கம்பனிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது, தரத்தைப் பார்ப்பது, முறைப்பாட்டைக் கேட்பது ஒழுங்குபடுத்துநரின் வேலை. நம் நாட்டில் அது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்துக்கு 1996இல் செய்த திருத்தத்தால் வந்தது. நம்மில் பலருக்கு அந்தப் பெயர் பழக்கமானது வேறொரு காரணத்தால். 2018 மார்ச்சில் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்செயல் நடந்தபோது முகநூல், வட்ஸ்அப், வைபர் மூன்றையும் தடுக்கச் சொன்னது இந்த ஆணைக்குழுதான்.

இப்படியான அமைப்புகளிடம் அதிகாரம் இருக்கும். கோடிக்கணக்கான வரிகளை அலசும் கணிதமும் கணினித் திறனும் போதியளவு இருப்பதில்லை. பல்கலைக்கழகத்தில் பேராசிரியரும் மாணவரும் இருப்பார்கள், தரவு இருக்காது. ஆகவே இருவரும் சேர்வது இயல்பானது. ஐக்கிய நாடுகளின் அமைப்பான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கென்யா, பிலிப்பைன்ஸ், கொலம்பியா போன்ற நாடுகளில் இத்தகைய பரீட்சார்த்த முயற்சியை நடத்தியிருக்கிறது.

இலங்கையில் இதற்குக் கிட்டிய முன்மாதிரி சற்று வேறு வழியால் வந்தது. லேர்ன் ஏசியா கொழும்பில் இயங்கும் ஓர் ஆய்வு நிறுவனம். அதைத் தொடங்கிய ரொஹான் சமரஜீவ முன்னர் நாட்டின் தொலைத்தொடர்புப் பணிப்பாளர் நாயகமாக இருந்தவர். 2012 அளவிலிருந்து இந்த நிறுவனம் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பனிகளிடம் பெயர் நீக்கிய பழைய பதிவுகளைப் பெற்று, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து ஆராய்ந்தது. ஆணைக்குழு நடுவில் நின்று செய்த ஏற்பாடு அல்ல அது. கம்பனிகளோடு நேரடியாகப் பேசிச் செய்தது. கொழும்பு மாநகரில் பகலில் இருப்போரில் ஏறத்தாழ பாதிப்பேர் வெளியிலிருந்து வருகிறவர்கள் என்று அந்த ஆய்வு காட்டியது. போக்குவரத்துத் திட்டமிடலுக்கும் டெங்கு பரவலைக் கணிப்பதற்கும் அதே முறையைப் பயன்படுத்திப் பார்த்தார்கள்.

கோபுரத்துக்குத் தெரியாதவை

இந்த முறையை மருதனார்மடம் சந்திக்குக் கொண்டுவந்து பார்ப்போம். காலை ஏழு மணிக்கு அங்குள்ள கோபுரத்தில் ஒரு போன் பதிகிறது. அந்த ஆள் சந்தையில் கத்தரிக்காய் வாங்கியவரா, பஸ்ஸில் சுன்னாகம் போனவரா, நுண்கலைக் கழகத்துக்கு வயலினோடு வந்த மாணவியா? கோபுரத்துக்கு வேறுபாடு தெரியாது. மரக்கறி கொண்டுவரும் வயதான ஐயாவிடம் போன் இல்லாமல் இருக்கலாம். மகனுடைய பெயரில் வாங்கிய சிம்மை மருமகள் பாவிக்கலாம். ஒருவரே இரண்டு சிம் வைத்திருக்கலாம். ஆக, சந்தையிலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு சனம் கலைந்தது என்ற போக்கை இது சொல்லும். பரிசோதனைக் குழுவை முதலில் எந்தப் பகுதிக்கு அனுப்பலாம் என்று முடிவெடுக்க உதவும். யாருக்குத் தொற்று என்று சொல்லாது.

இரண்டாவது சிக்கல் அந்தரங்கம். "பேரை எடுத்துட்டம், இனிப் பயமில்லை" என்று சொல்வது முழு உண்மை ஆகாது. டி மொண்ட்ஜோய் என்ற ஆய்வாளரும் தோழர்களும் 15 இலட்சம் பேரின் 15 மாதப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்ற நான்கே நான்கு புள்ளிகள் தெரிந்தால் போதும், நூற்றுக்கு 95 பேரை அந்தக் கூட்டத்துக்குள் தனியாகப் பிரித்தெடுத்துவிடலாம்.

நமக்கு இன்னொரு படியும் உண்டு. தனி ஆளின் பெயரே தேவைப்படாத இடம் அது. ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசலை அண்டிய ஒரு கோபுரத்தில் வாராவாரம் கூடும் போன்களைப் பார்த்தால், எவருடைய பெயரும் இல்லாமலே ஒரு சமூகத்தின் முகம் தெரியும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்காக 2022இல் வந்த 9ஆம் இலக்கச் சட்டம் மத நம்பிக்கை பற்றிய தரவை விசேட வகையில் வைத்திருக்கிறது. ஆனால் இங்கே மதம் என்ற பத்தி பட்டியலில் எங்கும் இல்லை. இடமும் நேரமும் அதைச் சொல்லிவிடுகின்றன. 2019 ஏப்ரலுக்குப் பிந்திய மாதங்களைக் கடந்து வந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

வீடு என்பது எது?

இப்போது நம் கணக்குக்கு வருவோம். இந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் முதல் வேலை, ஒவ்வொரு போனுக்கும் ஒரு "வீடு" குறிப்பது. அதற்கு வழமையாகப் பாவிக்கும் விதி எளிமையானது: இரவு நேரத்தில் எந்தக் கோபுரத்தில் அந்தப் போன் அதிகம் பதிகிறதோ அதுவே வீடு. பெரும்பாலானோருக்கு இது சரிதான்.

1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் 30ஆம் திகதி கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். போனவர்களில் பெருந்தொகையானோர் புத்தளத்தில் குடியேறினார்கள். இந்த இடப்பெயர்வை நாட்டின் குடிசன மதிப்பீடும் சரியாகப் பிடிக்கவில்லை. 1981க்குப் பிறகு நாடு முழுவதையும் எண்ணியது 2012இல்தான். 31 வருட இடைவெளி. நம் வெளியேற்றம் முழுதாக அந்த இடைவெளிக்குள் விழுந்தது.

இன்று புத்தளத்தில் வாழும் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சோனகத் தெருவில் காணி இருக்கிறது, வீடு இடிந்து கிடக்கிறது. குடும்பத்தலைவர் மாதத்தில் பத்து நாள் யாழ்ப்பாணம் வந்து வியாபாரம் பார்த்துவிட்டுப் போகிறார். பிள்ளைகள் புத்தளத்தில் படிக்கிறார்கள். தரவின் கண்ணுக்கு அவர் புத்தளத்துக்காரர். யாழ்ப்பாணத்துக்கு வந்து போகும் விருந்தாளி. வீடில்லாததால் இரவு தங்க முடியவில்லை. இரவு தங்காததால் அவர் கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாததால் "இங்கே திரும்பி வந்த சனம் குறைவு" என்று வீட்டுத்திட்டமும் பாடசாலையும் தள்ளிப்போனால், வட்டம் பூர்த்தியாகிவிடும்.

சட்டம் இந்தச் சிக்கலை ஓரளவு உணர்ந்தது. இடம்பெயர்ந்தோர் தங்கள் சொந்த இடத்திலேயே வாக்காளராகப் பதிய 2013இல் ஒரு விசேட சட்டம் கொண்டுவந்தார்கள். ஆள் எங்கே உறங்குகிறார் என்பது ஒன்று, எந்த ஊருக்குரியவர் என்பது இன்னொன்று என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. கணினிக்கு அதை யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சொல்லிக்கொடுத்தால் அதே தரவு நமக்குச் சாட்சியாகவும் மாறும். "எத்தனை போன் யாழ்ப்பாணத்தில் இரவு தங்குகிறது?" என்று கேட்பதற்குப் பதிலாக, "வருடம் முழுக்கப் புத்தளத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே திரும்பத் திரும்பப் போய்வரும் போன்கள் எத்தனை?" என்று கேட்டால், திரும்பி வரத் துடிக்கும் ஒரு சனத்தின் நிழல் எண்ணிக்கையாக வெளியே வரும். யாருடைய மதத்தையும் குறிக்கத் தேவையில்லை.

இங்கேதான் நம் சங்கடமும். எண்ணப்பட வேண்டும் என்றால் தெரிய வேண்டும். தெரிவதற்கோ பயமாக இருக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு இருக்க நம்மால் முடியாது.

நாம் கேட்க வேண்டியவை

2020 ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்களை எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தபோது நமக்குச் சொல்லப்பட்ட காரணம் "நிபுணர் சொல்லினம்" என்பதுதான். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. 2021 பெப்ரவரியில் அந்த விதி மாறி, ஒட்டமாவடியில் அடக்கம் தொடங்கும்வரை, அந்த நிபுணத்துவம் எந்த ஆதாரத்தில் நிற்கிறது என்று நாம் கேட்ட கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை. கணக்கை மூடி வைத்துக்கொண்டு முடிவை மட்டும் அறிவித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம்.

பல்கலைக்கழகம் சேர்வதால் வரும் உண்மையான நன்மை இந்த இடத்தில்தான் இருக்கிறது. திணைக்களம் முடிவை அறிவித்துவிட்டுப் போகலாம். பல்கலைக்கழகம் என்ற பெயருக்கு உரிமை கோருபவர்கள் கணக்கு வந்த வழியைக் காட்ட வேண்டும். பிழை பிடிக்க வருகிறவருக்கு இடம் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் அரச அறிவித்தலுக்கு ஒரு கலாநிதிப் பட்டத்தை ஒட்டியதாகத்தான் முடியும்.

ஆகவே இப்படியொரு உடன்படிக்கை வரும்போது நம் தரப்பில் கேட்க வேண்டியவை சில. "வீடு" என்று எதை எடுக்கிறீர்கள்? சிறிய எண்ணிக்கை வரும் இடங்களை வெளியிடாமல் மறைக்கிறீர்களா? பிரதேச செயலகப் பிரிவு அளவில் கூட்டித் தருகிறீர்களா, ஒற்றைக் கோபுரம் வரை இறங்குகிறீர்களா? ஆய்வு முடிந்ததும் பதிவுகளை என்ன செய்வீர்கள்? பாதுகாப்புத் தரப்பு கேட்டால் கொடுப்பீர்களா? போன் இல்லாதவரை எப்படிச் சேர்ப்பீர்கள்?

இவற்றைக் கேட்க ஆள் வேண்டும். நம் பிள்ளைகள் புள்ளிவிபரவியலும் கணினி விஞ்ஞானமும் படித்து வெளியே வருகிறார்கள். அவர்களில் சிலராவது வேலை தேடும் நேரத்தோடு சேர்த்து இந்தக் கேள்விகளையும் கையில் எடுக்க வேண்டும். ஒருவரின் நடமாட்டப் பதிவு அவர் அறியாமலே இன்னொருவர் கையில் இருக்கும் அமானிதம். அதைப் பார்ப்பவர் பக்கத்தில் நம்மில் ஒருவரும் இருந்தால், புத்தளத்தில் இரவு உறங்கும் ஒரு போனின் வீடு சோனகத் தெருவிலும் இருக்கலாம் என்று சொல்ல ஒரு வாயாவது இருக்கும்.