விழைவும் வாய்ப்பும்

நுழையும்முன்

மேல்நிலைக் கல்வியை முடிக்கும் மாணவர் முன் நிற்கும் முதற்பெரும் வினா, 'எங்கே, எதைப் படிப்பது?' என்பதாகும். நல்ல மதிப்பெண் பெற்றும் சேர்க்கை முறையை அறியாமையால் விரும்பிய இடத்தை இழப்போர் உளர். அச்சத்தால் கிடைத்ததைப் பற்றிக்கொண்டு பின்னர் வருந்துவோரும் உளர். கல்லூரி இடம் நற்பேற்றினால் மட்டும் கிடைப்பதன்று. பெரும்பகுதி கணக்கிட்டு அறியத்தக்கது. அக்கணக்கைப் பதினோராம் வகுப்பிலேயே கற்றுக்கொள்வது நலம் பயக்கும். பொறியியல் சேர்க்கையைச் சான்றாகக் கொண்டு அம்முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஒற்றைச் சாளர முறை

தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புகளுக்கான ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு 1997ஆம் ஆண்டில் தொடங்கியது. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியே அலைந்து விண்ணப்பிக்கும் நிலையை அது மாற்றியது. 1984 முதல் நடைமுறையில் இருந்த நுழைவுத்தேர்வு, 2006ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன்பின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களே சேர்க்கைக்கு அடிப்படை ஆயின. 2018 முதல் கலந்தாய்வு இணையவழியில் நடைபெறுகிறது. வீட்டிலிருந்தோ, மாவட்டந்தோறும் உள்ள சேர்க்கை உதவி மையங்களிலிருந்தோ மாணவர் பங்கேற்கலாம்.

தகுதி மதிப்பெண்

பொதுவழக்கில் 'கட் ஆஃப்' எனப்படும் தகுதி மதிப்பெண் 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணித மதிப்பெண் நூற்றுக்கு அப்படியே கொள்ளப்படும். இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள் ஒவ்வொன்றும் ஐம்பதாகச் சுருக்கப்படும். ஒரு மாணவி கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 84 பெற்றதாகக் கொள்வோம். அவருடைய தகுதி மதிப்பெண் 92 + 44 + 42 = 178 ஆகும். கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண், மற்ற பாடங்களில் கூடும் இரண்டு மதிப்பெண்களுக்கு ஈடு என்பது இதனால் விளங்கும்.

மதிப்பெண்ணும் தரவரிசையும்

சுழியம் முதல் 200 வரை அரை அரை மதிப்பெண்ணாக எண்ணினால், பெறக்கூடிய தகுதி மதிப்பெண்கள் 401 மட்டுமே. விண்ணப்பிப்போரோ ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர். எனவே, ஒரே மதிப்பெண்ணில் நூற்றுக்கணக்கானோர் நிற்பது இயல்பு. அவர்களை வரிசைப்படுத்த முதலில் கணித மதிப்பெண்ணும் அடுத்து இயற்பியல் மதிப்பெண்ணும் ஒப்பிடப்படும். அவையும் பிறவும் சமமாயின் பிறந்தநாளில் மூத்தவர் முன்னிற்பார். அதுவும் ஒன்றாயின் சமவாய்ப்பு எண் முடிவு செய்யும்.

கல்லூரி இடத்தை நேரடியாகத் தீர்மானிப்பது மதிப்பெண் அன்று, தரவரிசையே. கடந்த ஆண்டு 178 மதிப்பெண்ணுக்கு 32,000ஆவது தரவரிசை கிடைத்தது என்றும், வினாத்தாள் எளிமையானதால் இவ்வாண்டு அதே மதிப்பெண்ணுக்கு 37,000ஆவது தரவரிசையே கிடைத்தது என்றும் கற்பனை செய்துகொள்வோம். கடந்த ஆண்டு 178 மதிப்பெண்ணோடு நிறைவடைந்த இடம் இவ்வாண்டு அதே மதிப்பெண்ணுக்குக் கிடைக்கும் என நம்புவது பிழையாகும். தரவரிசைப் பட்டியல் வெளிவந்தபின், முந்தைய ஆண்டுகளில் அவ்விடம் எந்தத் தரவரிசையோடு நிறைவடைந்தது என்பதையே ஒப்பிட வேண்டும். ஓராண்டின் தரவை மட்டும் நம்பாமல், மூன்று ஆண்டுகளின் தரவை நோக்குதல் சிறந்தது. புதிய பாடப்பிரிவுகள் தொடங்குதல், இடங்கள் கூடுதல், குறிப்பிட்ட துறையின்மீது திடீரென விருப்பம் பெருகுதல் ஆகியவற்றால் நிறைவுநிலை ஆண்டுதோறும் ஏறி இறங்கும்.

இடஒதுக்கீடும் வாய்ப்பும்

தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. எஞ்சிய 31 விழுக்காடு பொதுப்பிரிவாகும். பொதுப்பிரிவு என்பது குறிப்பிட்ட வகுப்பினருக்கு உரியதன்று. தரவரிசை அடிப்படையில் அனைவருக்கும் உரியது. ஆகவே, இடஒதுக்கீட்டுக்கு உரிய மாணவர் தம் வாய்ப்பை மதிப்பிடும்போது பொதுப்பிரிவின் நிறைவுநிலையையும் தம் பிரிவின் நிறைவுநிலையையும் சேர்த்தே காண வேண்டும். பொதுப்பிரிவை மட்டும் பார்த்து, 'எனக்குக் கிடைக்காது' என ஒதுங்கிவிடுதல் கிடைக்கவிருந்த இடத்தைக் கைவிடுவதாகும்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் பயின்றோர்க்கு, 7.5 விழுக்காடு இடங்கள் முன்னுரிமை அடிப்படையில் வழங்கப்படுகின்றன. 2020ஆம் ஆண்டில் மருத்துவப் படிப்புக்கு வந்த இவ்வாய்ப்பு, 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இவ்வொதுக்கீட்டின்கீழ் சேர்வோரின் கல்விக்கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக்கட்டணச் சலுகையும் உண்டு. சான்றிதழ்கள் உரிய காலத்தில் கையில் இல்லையெனில் இவ்வுரிமைகள் பயன்படா. சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் முதலியவற்றை இப்போதே பெற்று வைத்தல் வேண்டும்.

தெரியுமா?

1794ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கப்பெற்றதே இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி. 2010ஆம் ஆண்டு முதல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிலும் பயிற்றுவித்து வருகிறது.

விருப்ப வரிசை

கலந்தாய்வில் மாணவர் செய்யும் முதன்மையான பணி, கல்லூரியையும் பாடப்பிரிவையும் இணைத்து விருப்ப வரிசை அமைப்பதாகும். தம் விருப்பங்களை மூவகையாகப் பகுத்துக்கொள்வது இதற்குத் துணைபுரியும். தம் தரவரிசையைவிடச் சற்று முன்னரே நிறைவடைந்தவை முயன்று பார்க்கத்தக்கவை. தம் தரவரிசையை ஒட்டி நிறைவடைந்தவை இணையானவை. நெடுந்தொலைவு பின்னர் நிறைவடைந்தவை உறுதியானவை. இம்மூவகையும் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

இங்கேதான் பலர் இடறுகின்றனர். முன்பு கண்ட 178 மதிப்பெண் மாணவியை மீண்டும் நினைவுகொள்வோம். அவர் மிகவும் விரும்பும் இடம் முயன்று பார்க்கத்தக்கது. அடுத்து விரும்பும் இடம் இணையானது. மூன்றாவது இடம் உறுதியானது. 'முதலிரண்டும் கிடைக்காவிட்டால் மூன்றாவதும் கைநழுவிவிடுமோ' என அஞ்சி, அவர் மூன்றாவது இடத்தை முதலில் குறிக்கிறார். அவருடைய முறை வரும்போது இரண்டாவது இடம் காலியாகவே இருக்கிறது. ஆயினும், அவர் முதலில் கேட்டது மூன்றாவது இடத்தை என்பதால் அதுவே அவருக்கு ஒதுக்கப்படுகிறது.

அவரது அச்சம் தேவையற்றது. ஏனெனில், தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவரின் முறை வரும்போதும், அவருடைய பட்டியல் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படுகிறது. அவருக்குரிய பிரிவில் காலியாக உள்ள முதல் விருப்பம் ஒதுக்கப்படுகிறது. கிடைக்காத இடத்தை மேலே எழுதியமையால், கீழே எழுதிய இடத்தில் அவரது முன்னுரிமை சிறிதும் குறைவதில்லை. ஆகவே, வாய்ப்பைக் கணக்கிடுவது எவ்விடங்களைப் பட்டியலில் சேர்ப்பது என்பதை அறிவதற்கு; எதை மேலே வைப்பது என்பதை விருப்பம் மட்டுமே முடிவு செய்ய வேண்டும்.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. புகழ்பெற்ற நான்கைந்து கல்லூரிகளை மட்டும் குறித்துவிட்டு நிறுத்திக்கொள்வோர், எவ்விடமும் ஒதுக்கப்படாமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படலாம். அப்போது எஞ்சியவற்றுள்தான் தேர்ந்தெடுக்க இயலும். பட்டியல் நீளமாக இருப்பதால் இழப்பேதும் இல்லை. ஆனால், கிடைத்தாலும் சேர மனமில்லாத இடத்தைப் பட்டியலில் சேர்த்தல் கூடாது. தற்காலிக ஒதுக்கீடு வந்தபின், அதனை ஏற்றுக்கொண்டே மேல்விருப்பத்திற்குக் காத்திருக்கும் வழியும் உண்டு. ஒவ்வொரு தெரிவின் பொருளையும் அறிவுரைக் கையேட்டில் படித்தறிந்த பின்னரே, குறித்த நாளுக்குள் உறுதிசெய்தல் வேண்டும்.

தனித்தனியே விண்ணப்பிக்கும் இடங்கள்

எல்லாப் படிப்புக்கும் முறை ஒன்றன்று. மருத்துவத்திற்கு நீட் தேர்வும், இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களுக்கு ஜேஇஇ தேர்வும் தேவை. மத்தியப் பல்கலைக்கழகங்கள் கியூட் தேர்வையும், தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கிளாட் தேர்வையும் அடிப்படையாகக் கொள்கின்றன. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பித்தாலும் கலந்தாய்வு அந்தந்தக் கல்லூரியில் நடைபெறுகிறது. தனியார் கலை அறிவியல் கல்லூரிகளுக்குத் தனித்தனி விண்ணப்பமும் கட்டணமும் உண்டு.

இங்கு எத்தனை கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது என்பதே சிந்திக்கத்தக்கது. பணமும் பயணமும் நாளும் அளவுக்கு உட்பட்டவை. இரு கல்லூரிகளின் கலந்தாய்வு ஒரே நாளில் அமைவதும் உண்டு. எனவே, முயன்று பார்க்கத்தக்கவற்றுள் ஒன்றிரண்டு, இணையானவற்றுள் இரண்டு மூன்று, உறுதியானவற்றுள் ஒன்று எனச் சுருக்கமாகத் தேர்ந்தெடுத்தல் தக்கது.

கல்லூரியைத் தேர்தல்

கிடைக்குமா என்னும் வினாவோடு, கிடைத்தால் பயிலத்தக்கதா என்னும் வினாவும் எழ வேண்டும். அக்கல்லூரிக்கும் பாடப்பிரிவுக்கும் உரிய ஒப்புதல் உள்ளதா, நாக் மதிப்பீடும் என்பிஏ தரச்சான்றும் பெற்றுள்ளனவா, பருவத்தேர்வுகளில் தேர்ச்சி விழுக்காடு எவ்வளவு, ஆய்வகமும் நூலகமும் எவ்வாறுள்ளன என ஆராய வேண்டும். விளம்பரப் பலகையில் உள்ள ஒருவரின் பெருஞ்சம்பளம், அங்குப் பயிலும் அனைவரின் நிலையையும் காட்டாது. அங்குப் பயிலும் மாணவரிடம் அரைமணி நேரம் உரையாடினால் விளம்பரம் கூறாத பலவற்றை அறியலாம்.

தேர்வு முடிவு வருமுன்னரே, 'இப்போது பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும்' என்று நெருக்குவோரிடம் விழிப்புடன் இருத்தல் வேண்டும். தகுதியால் கிடைக்கவிருக்கும் இடத்திற்காகக் கடன் வாங்கிய குடும்பங்கள் பல. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குச் செல்லும் மாணவரின் பெற்றோருக்கு இக்கணக்கை எடுத்துரைக்க வல்லவர் பெரும்பாலும் அம்மாணவரே ஆவார். தொலைவைக் காரணம் காட்டி மகளின் விருப்பத்தை மறுக்கும் பெற்றோரிடமும் விடுதி, கட்டணச் சலுகை, பயண வசதி ஆகியவற்றைத் தாளில் எழுதிக் காட்டினால் உரையாடல் எளிதாகும்.

விழைவு, செல்லும் திசையைக் காட்டும். கணக்கு, செல்லும் வழியைக் காட்டும். நம் நிலையை உள்ளவாறு அறிந்து, நம் விருப்பத்தை அஞ்சாது முதலில் எழுதுவோம்.

மதிப்பீடு

1. கணிதம் 85, இயற்பியல் 90, வேதியியல் 78 பெற்ற மாணவரின் தகுதி மதிப்பெண்ணைக் கணக்கிடுக.
2. மதிப்பெண்ணைவிடத் தரவரிசையை ஒப்பிடுவது ஏற்றது என்பதற்குக் காரணம் தருக.
3. 'விருப்ப வரிசையை அச்சத்தால் மாற்றுதல் கூடாது' – இக்கூற்றைச் சான்றுடன் விளக்குக.
4. நீங்கள் பயில விரும்பும் படிப்பிற்குரிய கல்லூரிகளை மூவகையாகப் பகுத்துப் பட்டியலிட்டு, வகுப்பறையில் கலந்துரையாடுக.