உறுதியில் பங்கு, கிணற்றில் முறை

நீர்வேலியில் வாழைத்தோட்டம் வாங்கப் போகிறவர் உறுதியை விரித்ததும், கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதியிருக்கிறதா என்று தேடுவார். பங்கு இருந்தாலும் நினைத்த நேரத்துக்கு மெசினை வைத்து இறைக்க ஏலாது. இன்றைக்கு யாருடைய முறை என்பது உறுதியில் இல்லை. அது பங்குக்காரர் தங்களுக்குள் பேசிக்கொண்டது.

யூனிக்ஸ் வகைக் கணினியில் ஒரு கோப்புக்கும் இந்த இரண்டும் உண்டு. உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூன்று தரப்புக்கும் வாசிக்க, எழுத, இயக்க எழுதிவைத்த அனுமதிதான் உறுதி. கோப்பைத் திறக்கும்போதே இயங்குதளத்தின் மையமான கேர்னல் அதைப் பார்த்துவிடும். பூட்டு அப்படியல்ல. எஃப்லொக், எஃப்சிஎன்டிஎல் என்ற அழைப்புகளால் போடும் பூட்டு, முறை சொல்வது மாதிரி. அடுத்த புரோகிராமும் பூட்டைக் கேட்டால்தான் காத்து நிற்கும். கேட்காமல் எழுதினால் கேர்னல் மறிக்காது; கோப்பு குழம்பிப் போகும்.

எஃப்லொக்கில் இன்னொரு கூத்து: வாசிக்க மட்டும் அனுமதி உள்ளவரும் தனிப்பூட்டுப் போட்டு, எழுத வந்தவரைக் காக்க வைக்கலாம். எஃப்சிஎன்டிஎல் கண்டிப்பானது, எழுதுவதற்கெனத் திறந்த கோப்புக்குத்தான் எழுத்துப் பூட்டுத் தரும்.

மெசின் கொட்டிலுக்கு ஆமைப்பூட்டே போடுகிற வழியும் இருந்தது. சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் வழியாக வந்த கட்டாயப் பூட்டு அது. அதற்கெனத் தனி அனுமதி எழுத்து இல்லை. ஆகவே குழுவின் இயக்கும் அனுமதியை எடுத்துவிட்டு, செட்ஜிஐடி பிட்டை மட்டும் வைத்தார்கள். இயக்கவே விடாத குழுவுக்கு ‘இயக்கும்போது இந்தக் குழுவாக இயங்கு’ என்பது பொருளற்ற சேர்க்கை. சும்மா கிடந்த அந்தச் சேர்க்கைக்குத்தான் புதுப் பொருள் கொடுத்தார்கள். கெட்டித்தனம்தான், ஆனால் பார்த்தவுடன் யாருக்கு விளங்கும்? சிஎச்மொட் 2644 கொடுத்தால் லினக்ஸ் பட்டியலில் குழுவின் மூன்றாம் இடத்தில் பெரிய ‘எஸ்’ தெரியும். சோலாரிஸில் சின்ன ‘எல்’.

லினக்ஸில் அது மட்டும் போதவில்லை, கோப்புமுறைமையையும் அதற்கான தெரிவோடு ஏற்றியிருக்க வேண்டியிருந்தது. அப்படியும் நம்பகமாக இருக்கவில்லை: கேர்னல் பூட்டைச் சரிபார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இடையிலேயே இன்னொருவர் பூட்டிவிட முடிந்தது. பாவிப்பாரும் அரிதாகவே இருந்தார்கள். 2021இல் வந்த 5.15 கேர்னலில் அதை எடுத்தே விட்டார்கள்.

யார் பூட்டி வைத்திருக்கிறார் என்று எல்எஸ்லொக்ஸ் கட்டளை காட்டும். முறைக்காரர் மெசினை ஓடவிட்டு நித்திரையானால் ஒருவர் போய் எழுப்ப வேண்டும். பூட்டிய புரோகிராம் செத்துப்போனால், பூட்டைக் கேர்னலே கழற்றிவிடும்.